ஹாம்பர்க் கடல்சார் அருங்காட்சியகம்: சேலத்திலிருந்து செல்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியில் மேற்படிப்புப் படிக்கும் மகனையோ மகளையோ பார்க்கச் சேலத்திலிருந்து புறப்படும் பெற்றோரின் பயணத் திட்டத்தில் ஹாம்பர்க் நகரம் இடம்பெற்றால், அங்குள்ள சர்வதேசக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கப்பல் மாதிரிகளுக்கென்று உலகில் உள்ள மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று அங்கே இருக்கிறது. பெரிய மாதிரிகளும் சுண்டுவிரல் நீளமே உள்ள சின்னஞ்சிறு மாதிரிகளுமாகப் பல்லாயிரம் கப்பல்கள் ஒரே கட்டடத்தில் அடுக்கப்பட்டிருப்பதால், முன்தயாரிப்பு இல்லாமல் நுழைபவர் இரண்டு மணி நேரத்தில் கண் சோர்ந்து, எல்லாக் கப்பலும் ஒன்றுபோல் தெரிய, வெளியே வந்துவிடுவார். கப்பல் மாதிரியின் சிறுமையைக் கண்டு வியப்பது எளிது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டு போனால்தான் அந்த அருங்காட்சியகம் தன்னைத் திறந்து காட்டும். ஆகவே இந்த வழிகாட்டி விமான நிலையத்தில் தொடங்காமல் சேலத்திலேயே தொடங்குகிறது.

புறப்படும் முன்: பூலாம்பட்டியில் ஒரு பாடம்

நம் மாவட்டத்துக்குக் கடல் இல்லை என்றாலும் காவிரி இருக்கிறது. எடப்பாடியை அடுத்த பூலாம்பட்டிப் படகுத்துறையில் ஒரு காலைப்பொழுதைச் செலவிடுங்கள். அங்கிருந்து எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு போகிறது. ஆட்கள் ஏறுவதற்கு முன் படகின் பக்கவாட்டில் நீர் தொடும் கோடு எங்கே இருக்கிறது, எல்லோரும் ஏறிய பிறகு அது எவ்வளவு மேலே வருகிறது என்பதைக் கவனியுங்கள். படகின் முன்பகுதியான அணியம் நீரைக் கிழிக்கும் விதத்தையும், பின்புறத்தில் நீர் கூடும் விதத்தையும், சுக்கான் திரும்பும்போது படகு உடனே திரும்பாமல் சற்றுத் தாமதித்துத் திரும்புவதையும் பாருங்கள். பிள்ளைகள் உடன் இருந்தால் இந்த மூன்றையும் அவர்களையே சொல்ல வைப்பது நல்லது. கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் நிற்கும் மாதிரியைப் பார்க்கும்போது, நீர் எங்கே வரும், பாரம் எங்கே அழுத்தும் என்று மனம் தானாகக் கேட்கத் தொடங்க இந்தப் பயிற்சி போதும்.

அடுத்ததாக அளவு விகிதம். இதைப் புரிந்துகொள்ளாமல் மாதிரிகளைப் பார்ப்பதில் பயனில்லை என்றே சொல்வேன். 1:100 என்றால் மாதிரியின் ஒரு சென்டிமீட்டர் உண்மையான கப்பலின் ஒரு மீட்டர். ஹாம்பர்க் அருங்காட்சியகத்தின் சிறு மாதிரிகள் பெரும்பாலும் 1:1250 என்ற விகிதத்தில் அமைந்தவை. அதாவது 345 மீட்டர் நீளமுள்ள குயின் மேரி 2 பயணக் கப்பல் அந்த அளவில் 27.6 சென்டிமீட்டராகிவிடும், 269 மீட்டர் நீளமுள்ள டைட்டானிக் 21.5 சென்டிமீட்டராகிவிடும், மேல்தட்டில் நிற்கும் மனிதன் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாகிவிடுவான். இதை மனத்தில் பதிய வைக்க நமக்குத் தெரிந்த ஒன்றை அதே அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டை 1:1250 அளவில் செய்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு கூடிய அந்த மலைப்பாதை முழுவதும் ஒரு பெரிய கூடத்துக்குள் அடங்கிவிடும். மலையின் உச்சி பெரியவர் ஒருவரின் மார்பளவுக்கு வரும். அந்தச் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் ஒரு சாண் அளவிலான கப்பலை மனத்தில் வைத்துப் பார்த்தால், எதைப் பார்க்கப் போகிறோம் என்பது தெளிவாகும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை மிகச் சில. நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று, அளவுநாடா ஒன்று, குறிப்பேடும் பென்சிலும். அளவுநாடா எதற்கென்றால், கண்ணாடிப் பெட்டியின் வெளிப்புறத்தில் பிடித்து மாதிரியின் நீளத்தை அளந்து, விகிதத்தால் பெருக்கி, அருகிலுள்ள விளக்க அட்டையில் போட்டிருக்கும் உண்மையான நீளத்தோடு ஒப்பிடுவதற்கு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்தமான வேலை அங்கே கிடைக்காது.

விசா, விமானம் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக் காலத்தில் நேர்காணலுக்கு இடம் கிடைப்பது கடினம் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். சேலத்துக்காரர்களுக்குச் சென்னை, பெங்களூரு இரண்டு விமான நிலையங்களும் ஏறக்குறைய சம வசதி உடையவை. பிராங்க்ஃபர்ட்டில் இறங்குபவர்கள் அங்கிருந்து விரைவு ரயிலில் ஹாம்பர்க் செல்லலாம்.

கட்டடத்தை அடைதல்

அருங்காட்சியகம் ஹாஃபன்சிட்டி என்னும் பழைய துறைமுகப் பகுதியில், கோரியாஸ்ட்ராஸே தெருவின் முதலாம் எண்ணில் இருக்கிறது. யூ4 மெட்ரோ வழித்தடத்தில் ஊபர்ஸேகுவார்ட்டியர் நிலையத்தில் இறங்கினால் சிறிது தூர நடைதான்; யூ1 வழித்தடத்தின் மெஸ்பெர்க் நிலையத்திலிருந்தும் நடக்கலாம். எல்பே ஆற்றிலிருந்து வரும் காற்று கோடையிலும் குளிரும், மழை சொல்லாமல் வரும். ஆகவே காற்றைத் தடுக்கும் மேலங்கி கட்டாயம் தேவை.

உள்ளே நுழைவதற்கு முன் கட்டடத்தையே ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கைஷ்பைஷர் பி என்னும் இந்தச் செங்கல் கிடங்கு 1878–79ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டது. ஹாம்பர்க்கில் இன்றும் நிற்கும் கிடங்குகளில் மிகப் பழமையானது. கப்பல்கள் இறக்கிச் சென்ற தானியத்தைச் சேமித்த இடத்தில் இன்று கப்பல்களே சேமிக்கப்பட்டிருக்கின்றன. ஹாம்பர்க்கைச் சேர்ந்த பீட்டர் டாம் என்ற பத்திரிகை நிர்வாகி, 1934ஆம் ஆண்டு, ஆறு வயதில், தாய் வாங்கித் தந்த சிறிய கப்பல் மாதிரி ஒன்றிலிருந்து சேர்க்கத் தொடங்கியவை இவை. அவர் 2016ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய தனிப்பட்ட தொகுப்பு 2008ஆம் ஆண்டு இந்தக் கட்டடத்தில் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. அரசு ஒன்றின் கொள்கைக்கு ஏற்பச் சேர்க்கப்படாமல் தனி மனிதர் ஒருவரின் ஆசைக்கு ஏற்பச் சேர்க்கப்பட்டது என்பதை நினைவில் வைத்தால், சில தளங்களில் தேவைக்கு அதிகமாகவும் சிலவற்றில் குறைவாகவும் பொருள்கள் இருப்பதன் காரணம் விளங்கும்.

காலை பத்து மணிக்குத் திறக்கும்போதே போய்விடுவது நல்லது. கட்டண விவரத்தையும் விடுமுறை நாள்களையும் புறப்படும் வாரத்தில் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தளத்தை முதலில் பார்ப்பது

தளங்களை அங்கே கப்பலைப் போலவே டெக் என்று அழைக்கிறார்கள். முதல் தளம் கடல்வழி காணும் கருவிகளுக்கு, இரண்டாவது பாய்மரக் கப்பல்களுக்கு, மூன்றாவது கப்பல் கட்டும் வரலாற்றுக்கு, நான்காவது கப்பலில் பணிபுரிவோரின் வாழ்க்கைக்கு, ஐந்தாவது போர்க்கப்பல்களுக்கு, ஆறாவது பயணக் கப்பல்களுக்கும் சரக்குக் கப்பல்களுக்கும், ஏழாவது கடல் ஆராய்ச்சிக்கு, எட்டாவது ஓவியங்களுக்கும் கருவூலத்துக்கும், ஒன்பதாவது சிறு மாதிரிகளுக்கு.

மின்தூக்கியில் நேராக ஒன்பதாவது தளத்துக்குப் போய் அங்கிருந்து இறங்கி வரலாம் என்று பலரும் சொல்வார்கள். கால்களுக்கு அது எளிது, கண்களுக்கு நல்லதன்று. ஒன்பதாவது தளத்தில் எண்ணிக்கையே மனத்தை நிரப்பிவிடும், பிறகு கீழே உள்ள பெரிய மாதிரிகளைப் பார்க்கப் பொறுமை இருக்காது. எனவே மூன்றாவது தளத்தில் தொடங்குங்கள். அடுத்து இரண்டாவதுக்கு இறங்குங்கள். பிறகு மின்தூக்கியில் எட்டாவது தளத்துக்கு ஏறுங்கள். மதிய உணவுக்குப் பின் ஒன்பது, ஆறு, ஐந்து. நேரம் மிஞ்சினால் மற்றவை. ஏழாவது தளம் தன்னளவில் சிறப்பானது என்றாலும் மாதிரிகளுக்காக வருபவர் அதை விட்டுவிடலாம். பிள்ளைகளுக்காக முதல் தளத்தின் கப்பல் ஓட்டும் பயிற்சிக் கருவியை மட்டும் பார்த்துவிடலாம்.

மூன்றாவது, இரண்டாவது தளங்கள்: உடலமைப்பைப் படித்தல்

இங்கேதான் கப்பலின் எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஏரா எனப்படும் அடிமரம் முதுகெலும்பாக நீள, அதிலிருந்து இருபுறமும் வங்குகள் விலா எலும்புகளாக எழுந்து, அவற்றின் மேல் பலகைகள் பதிக்கப்படும் வரிசையை முதலில் உள்வாங்கிக்கொள்ளுங்கள். நம் கடற்கரைத் தோணிகளும் கேரளத்தின் பேப்பூரில் இன்றும் கட்டப்படும் உரு என்னும் மரக்கப்பல்களும் நினைவுக்கு வரும். பேப்பூரில் மரபுவழித் தச்சர்கள் முதலில் பலகைகளை வளைத்துக் கூட்டை உருவாக்கி, பிறகே வங்குகளைப் பொருத்துவார்கள் என்பதால், இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மாதிரி என்றால் எல்லாம் ஒரே நோக்கத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கப்பலின் ஒரு பக்கம் மட்டும் செதுக்கப்பட்டு பலகையில் பொருத்தப்பட்டிருக்கும் அரைக்கூட்டு மாதிரி, கப்பல் தச்சர் தன் மனத்தில் இருந்த வடிவத்தை மரத்தில் செதுக்கி, அதிலிருந்து அளவெடுத்து உண்மையான கப்பலைக் கட்டுவதற்காகச் செய்தது. ஆக, அந்த மாதிரிக்குப் பிறகுதான் கப்பல் பிறந்தது. கீழ்ப்பகுதியில் பலகை பதிக்காமல் வங்குகள் வெளியே தெரியும்படி விடப்பட்ட பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கடற்படை மாதிரிகள் வேறொரு வகை. அவை பெரும்பாலும் 1:48 அளவில் செய்யப்பட்டவை. கப்பல் நிறுவனங்கள் தங்கள் அலுவலக முகப்பில் வைப்பதற்காகக் கட்டுமானத் தளங்களில் செய்து வாங்கிய பளபளப்பான மாதிரிகள் மூன்றாவது வகை. புயலில் தப்பிய மாலுமிகள் நேர்த்திக்கடனாகத் தேவாலயங்களில் தொங்கவிட்டவை நான்காவது வகை; கடலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் எழுப்பியதாக வேளாங்கண்ணியில் வழங்கும் மரபுச் செய்தியை அறிந்த நமக்கு இந்த வகையின் உணர்வைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. எந்த மாதிரியின் முன் நின்றாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதை யார், யாருக்காகச் செய்தார் என்பதே. அலுவலக முகப்புக்கான மாதிரியில் துருவும் அழுக்கும் இருக்காது; தச்சரின் மாதிரியில் அலங்காரம் இருக்காது.

மரத்திலிருந்து இரும்புக்கு மாறிய காலத்தை இந்தத் தளத்தில் சற்று நின்று பாருங்கள். 1843ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில் நீரில் இறக்கப்பட்ட, பொறியாளர் புரூனல் வடிவமைத்த கிரேட் பிரிட்டன் என்ற கப்பல், இரும்பு உடலையும் திருகு உந்தியையும் ஒருங்கே கொண்ட முதல் பெரிய கடல் கப்பல். அதற்குச் சற்று முன், 1830களில், நம் கஞ்சமலையின் இரும்புத் தாதுவை நம்பி ஜோசியா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்திக்கொண்டிருந்தார். கடலே இல்லாத சேலத்துக்கும் இரும்புக் கப்பல் யுகத்துக்கும் இடையிலான இந்தச் சமகாலத் தொடர்பு எனக்கு மிகவும் பிடித்தமானது.

பொறியியல் மாணவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. மாதிரிகள் காட்சிக்கு மட்டும் பயன்படவில்லை; 1870களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் நீர்த்தொட்டி ஒன்றில் மெழுகு மாதிரிகளை இழுத்து, கப்பல்களின் எதிர்ப்பு விசையைக் கணக்கிட்டார். மாதிரியின் வேகம் விகிதத்தின் வர்க்கமூலத்தின்படி குறைய வேண்டும் என்பது அவர் நிறுவிய விதி. 1:25 மாதிரியை உண்மையான வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் இழுத்தால் அலைகளின் வடிவம் ஒத்துப்போகும். ஹாம்பர்க்கிலும் 1913ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கப்பல் மாதிரிச் சோதனை நிறுவனம் ஒன்று இன்றும் இயங்குகிறது.

எட்டாவது தளம்: எலும்பில் செய்த கப்பல்கள்

அருங்காட்சியகம் முழுவதிலும் ஒரே இடத்தில்தான் நீண்ட நேரம் நிற்க முடியும் என்றால், கருவூலத்தில் உள்ள எலும்புக் கப்பல்களின் முன் நில்லுங்கள். நெப்போலியன் போர்களின்போது இங்கிலாந்தில் சிறைவைக்கப்பட்ட பிரெஞ்சு மாலுமிகளும் வீரர்களும், தங்கள் உணவில் கிடைத்த மாட்டு, ஆட்டு எலும்புகளைக் கழுவி, வெளுத்து, சீவி, பலகைகளாக்கி இவற்றைச் செய்தார்கள். பீட்டர்பரோ அருகே இருந்த நார்மன் கிராஸ் சிறை முகாமின் வாயிலில் இத்தகைய பொருள்களுக்குச் சந்தையே நடந்தது. விற்ற காசில் கைதிகள் உணவும் துணியும் வாங்கினார்கள்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை இப்போது எடுங்கள். பக்கவாட்டுப் பலகைகள் ஒவ்வொன்றும் தனித்தனி எலும்புச் சீவல் என்பதும், அவற்றைப் பிடித்திருக்கும் பித்தளை ஆணிகளின் தலைகள் வரிசையாகத் தெரிவதும் கண்ணில் படும். எலும்பு குறுகியது, நீளமான பலகை அதில் கிடைக்காது. அதனால் இணைப்புகள் அடுத்தடுத்து வரும், ஒரு வரிசையின் இணைப்புக்கு நேர் கீழே அடுத்த வரிசையின் இணைப்பு வராதபடி செய்தவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதைப் பின்தொடர்ந்து பாருங்கள். பின்புறத்தில் மெல்லிய நூல்கள் தொங்கினால், அவை பீரங்கிகளை உள்ளே இழுக்கவும் வெளியே நீட்டவும் அமைத்த பொறியின் கயிறுகளாக இருக்கலாம். பாய்மரங்கள் உடலுக்குப் பொருந்தாத உயரத்தில் இருப்பதையும் பார்ப்பீர்கள். வரைபடம் இல்லாமல் நினைவிலிருந்து செய்ததன் அடையாளம் அது. வாங்குபவர் ஆங்கிலேயர் என்பதால், பல கப்பல்களுக்குப் புகழ்பெற்ற ஆங்கிலப் போர்க்கப்பல்களின் பெயரையே சூட்டினார்கள். எதிரி நாட்டின் கப்பலைத் தன் பட்டினிக்காகச் செதுக்கிய மனிதனின் நிலை அந்தப் பெயர்ப்பலகையில் தெரிகிறது.

பொன், வெள்ளி, அம்பர், தந்தம் ஆகியவற்றால் ஆன கப்பல்களும் இதே தளத்தில் இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ பனங்காட்டிலோ வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பத்திலிருந்து வருபவர் இவற்றை மற்றவரைவிட நன்றாகப் பார்ப்பார். கம்பியை எங்கே இழுத்திருக்கிறார்கள், எங்கே பொடிவைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள், பற்றவைத்த இடத்தை எப்படி ராவி மறைத்திருக்கிறார்கள் என்பதைக் கைத்தொழில் அறிந்த கண் உடனே கண்டுகொள்ளும். அப்படிப்பட்ட பெரியவர் ஒருவர் உங்களோடு வந்திருந்தால், அவரைப் பேசவிட்டுக் கேளுங்கள்.

ஒன்பதாவது தளம்: ஒரே ஒரு அலமாரி

இங்கே எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஏதேனும் ஓர் அலமாரியைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் முழுமையாகப் பாருங்கள். இவை நீர்க்கோட்டு மாதிரிகள். நீருக்கு மேல் தெரியும் பகுதி மட்டுமே இருக்கும், அடிப்புறம் தட்டையாக இருக்கும். எனவே சுக்கானையும் உந்தியையும் தேட வேண்டாம். ஜெர்மனியின் வீக்கிங் நிறுவனம் 1930களில் இத்தகைய மாதிரிகளைப் பெருமளவில் செய்தது. போர்க்காலத்தில் எதிரிக் கப்பலைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணப் பயிற்சி தருவதற்கும் இவை பயன்பட்டன. அந்தப் பயிற்சியையே நீங்களும் செய்யலாம். கண்ணை மாதிரியின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து, புகைபோக்கிகளின் எண்ணிக்கையையும் பாய்மரங்களின் இடத்தையும் மட்டும் கொண்டு, எந்தக் காலத்துக் கப்பல், எந்த வேலைக்கானது என்று ஊகித்த பிறகு அட்டையைப் பாருங்கள்.

தமிழர்கள் தேட வேண்டிய கப்பல் ஒன்று உண்டு. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன். மூன்று புகைபோக்கிகள் கொண்ட, 118 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல், 1:1250 அளவில் ஒன்பதரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். முதல் உலகப் போர்க்காலத்து ஜெர்மானியக் கப்பல்களின் வரிசைகளில் இங்கும் ஐந்தாவது தளத்திலும் அதைத் தேடுங்கள்; தெரியவில்லை என்றால் பணியாளரிடம் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். அந்தப் பெயர் சென்னையில் எவ்வளவு பயத்தை விதைத்தது என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

ஆறாவது தளமும் அட்டைகளைப் படிப்பதும்

வ.உ.சிதம்பரனார் 1906ஆம் ஆண்டு தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டிய காலியா, லாவோ ஆகிய நீராவிக் கப்பல்களின் காலத்தை இந்தத் தளத்தின் பழைய நீராவிக் கப்பல் மாதிரிகளைக் கொண்டு உணரலாம். பெரிய நிறுவனங்களின் கப்பல்களோடு ஒப்பிட்டால் அந்த முயற்சியின் துணிவு விளங்கும். பிறகு இன்றைய சரக்குப் பெட்டகக் கப்பல்களுக்கு வாருங்கள். இருபதடிப் பெட்டகம் ஒன்று 1:1250 அளவில் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை, ஓர் அரிசி மணி அளவுதான். சேலத்து ஜவ்வரிசியும் துணியும் வெளிநாடு செல்வது அப்படிப்பட்ட பெட்டகங்களில்தான். லெகோ கட்டைகளால் கட்டப்பட்ட, ஏழு மீட்டரை நெருங்கும் குயின் மேரி 2 மாதிரியும் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை அளந்து, 345 மீட்டரோடு ஒப்பிட்டு, விகிதம் 1:50 என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

ஜெர்மன் மொழியில் மட்டும் உள்ள அட்டைகளைப் படிக்க நான்கு சொற்கள் போதும்: மாஸ்ஷ்டாப் என்றால் அளவு விகிதம், பௌயார் என்றால் கட்டிய ஆண்டு, லெங்கே என்றால் நீளம், வெர்ஃப்ட் என்றால் கப்பல் கட்டும் தளம். படம் எடுக்கும்போது பிளாஷ் வேண்டாம். கைப்பேசியின் கேமராவைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுசென்றால் எதிரொளி மறையும்.

வெளியே வந்த பிறகு

மூன்று மணிக்குள் முடித்துக்கொண்டால், பழைய கிடங்குகள் நிறைந்த ஷ்பைஷர்ஷ்டாட் வழியாகப் பௌம்வால் நிலையம் வரை நடந்து செல்லுங்கள். 2015ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பகுதி இது. பௌம்வாலை அடுத்த கரையில் இரண்டு உண்மையான கப்பல்கள் அருங்காட்சியகங்களாக நிற்கின்றன. ஒன்று 1960களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட கேப் சான் டியேகோ என்ற சரக்குக் கப்பல். மற்றொன்று 1896ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பட்ட, மூன்று பாய்மரங்களும் எஃகு உடலும் கொண்ட ரிக்மர் ரிக்மர்ஸ். ஒரு கப்பலுக்கு மட்டுமே நேரம் இருந்தால் ரிக்மர் ரிக்மர்ஸைத் தேர்ந்தெடுங்கள். 97 மீட்டர் நீளமுள்ள அதன் மேல்தட்டில் அணியத்திலிருந்து பின்புறம் வரை நடந்து, அடுத்துக் கீழறைக்கு இறங்கினால், மூன்றாவது தளத்தில் கண்ணாடிக்கு அப்பால் பார்த்த வங்குகளை அங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம். ஏணிப்படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தட்டோடு நின்றுகொள்வது நல்லது.